நீலச்சட்டைக்காரனின் தமிழ்

நீலச்சட்டைக்காரன் யாழ்ப்பாணத் தமிழ் பேசியது உலகத்திலேயே கண்டிக்குப் பக்கத்து முஸ்லிம் ஊரான மடவளையில் மட்டும்தான். படத்தில் அவன் இங்கிலீசு பேசினான். குவைத்திலிருந்து வந்த சித்திரப் புத்தகங்களில் அறபு பேசினான். மடவளையில், ஹலீமின் வீட்டு ஹோலில், ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரங்களில், “பயப்பிடாதேங்கோ, நான் வாறன்!” என்று சொல்லிக்கொண்டு மாடிக் கட்டடங்களுக்கு மேலால் பறந்தான். அவனை அப்படிப் பேச வைத்தவள் கமலாசனி.

கமலாசனிக்கு இப்போது எழுபது நெருங்குகிறது. கண்டி வட்டாப்புளுவயில் ஒரு சின்ன வீட்டில் தனியாக இருக்கிறாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதற்குப் பெரிய கதை ஒன்றும் கிடையாது, வந்த வரன்கள் எல்லாம் வேலையை விடச் சொன்னார்கள். ஹலீமின் மகள் றலியா பெருநாள் விடுமுறையில் பிள்ளைகளோடு வருவாள். போன முறை வந்தபோது அவளுடைய மூத்தவன் அந்தப் பழைய படத்தைப் போனில் போட்டு, கீழே தமிழில் எழுத்து ஓட விட்டுக் காட்டினான். கமலாசனி கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள்.

“இவன் தபால் கந்தோரில எல்லோ வேலை செய்தவன்?”

“இல்ல மாமி. இன்சூரன்ஸ் கம்பனி” என்றாள் றலியா.

“அந்தப் பெட்டைக்கு இவன் ஏன் பூ குடுக்கிறான்? அவள் தங்கச்சி எல்லோ?”

“தங்கச்சி இல்ல மாமி. லவ் பண்றான்.”

“அப்ப உது வேற படமாக்கும்” என்று சொல்லிவிட்டு அவள் தேநீர் போட எழுந்து போனாள். றலியா விழுந்து விழுந்து சிரித்தாள். அது அதே படம்தான்.

எண்பதுகளின் தொடக்கத்தில் கமலாசனி யாழ்ப்பாணத்துச் சண்டிலிப்பாயிலிருந்து கண்டிக்கு வந்தாள். நீதிமன்றத்துக்குப் பக்கத்தில் ஒரு சட்டத்தரணியின் அலுவலகத்தில் டைப்பிஸ்ட் வேலை. தமிழும் இங்கிலீசும் அடிப்பாள். கந்தோர் இங்கிலீசு தண்ணீர்பட்ட பாடு. ‘மேற்படி எதிராளி’ என்று தொடங்கினால் முடிவு வரை மூச்சுவிடாமல் போவாள். மற்ற இங்கிலீசு அவ்வளவு ஓடாது. ஊரில் அண்ணன், அண்ணி, அண்ணியின் பிள்ளைகள், ஒரு பெரிய அடுப்படி. தன் சம்பளம் தன் கையில் இருப்பதும், மாலையில் வாவிக்கரையால் தனியே நடந்து வருவதும் அவளுக்குப் பிடித்துப்போயின.

எண்பத்துமூன்று யூலையில் அவள் கட்டுகஸ்தோட்டையில் ஒரு வீட்டில் அறை எடுத்திருந்தாள். தமிழர் கடைகள் எரிந்த நாளில் அந்த வீட்டுக்காரி, சிங்களப் பெண், கமலாசனியை உள்ளே வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, இங்கே ஒருவரும் இல்லை என்று வாசலில் நின்று சொன்னாள். கலவரம் அடங்கிய பிறகு அதே பெண், இனி இங்கே இருக்க வேண்டாம் மகளே என்று அழுதாள். பூட்டியதும் போகச் சொன்னதும் ஒரே பயத்தில்தான்.

சட்டத்தரணியிடம் காணி வழக்கு ஒன்றுக்காக வந்துபோகிறவர் ஹலீம். ஜித்தாவில் சில வருஷம் வேலை செய்துவிட்டு வந்து புடவைக் கடை வைத்திருந்தார். “கொஞ்ச நாளைக்கி எங்கட ஊட்டுல ஈக்கட்டும்” என்று சொல்லி, துணிக்கட்டுகளுக்கு நடுவே அவளை வேனில் ஏற்றிக்கொண்டு மடவளைக்குப் போனார். அந்தக் கொஞ்ச நாள் வருஷக் கணக்காக நீண்டது.

ஹலீமின் மனைவி றமீஸாவுக்கு அப்போது முப்பத்தைந்து வயதிருக்கும். வாய் நீளம், கை அதைவிட நீளம். முதல் நாளே கமலாசனியின் பெட்டியைத் திறந்து சேலைகளை எடுத்து அலுமாரியில் அடுக்கிவிட்டாள். “பெட்டியக் கட்டி வெச்சிக்கொண்டு ஈந்தா மனிசருக்கு எப்பவும் போற யோசனதான் வரும்” என்றாள்.

அந்த வீட்டில் நீலச்சட்டைக்காரன் முதலில் வந்தது புத்தகமாக. குவைத்தில் இருந்த றமீஸாவின் தம்பி பிள்ளைகளுக்கு என்று ஒரு கட்டு அனுப்பியிருந்தான். நீலச்சட்டை, மஞ்சள் போர்வை, முகத்தில் கறுப்பு மூடி, ஒரு கையால் லொறியைத் தூக்கிப் பிடித்திருக்கிறான். எழுத்தெல்லாம் அறபு. றமீஸா அட்டையைப் பார்த்ததும் புத்தகங்களைப் பிள்ளைகளின் கையிலிருந்து பிடுங்கி, துடைத்து, அலுமாரிக்கு மேலே வைத்துவிட்டாள். நிலத்தில் போடக் கூடாது. கால் படக் கூடாது. பார்ப்பதென்றால் கை, கால், முகம் கழுவிக்கொண்டு, தலையில் துணியும் தொப்பியும் போட்டுக்கொண்டு பார்க்க வேண்டும்.

“இது கிதாபு இல்ல புள்ள, கார்ட்டூன்” என்றார் ஹலீம்.

“எழுத்து குர்ஆன் ஓதுற எழுத்துத்தானே?”

ஆகவே எட்டு வயது றலியாவும் இரண்டு தம்பிமாரும் ஒழு செய்து, பாயில் சம்மணமிட்டு, நீலச்சட்டைக்காரன் லொறி தூக்குவதைப் பக்தியோடு பார்த்தார்கள். எழுத்துக் கூட்டி ராகமாக வாசிக்கவும் செய்தார்கள். அர்த்தம் மட்டும் தெரியாது.

பிறகுதான் படம். ஹலீம் ஜித்தாவிலிருந்து கொண்டுவந்த கலர் ரீவியும் வீடியோ டெக்கும் அந்தத் தெருவிலேயே முதலாவது. கண்டியிலிருந்து வாடகைக்கு எடுத்துவந்த கசற் ஒன்றில் அதே நீலச்சட்டை. ஞாயிறு பின்னேரம் ஆண்கள் வெளியே போன பிறகு, அக்கம்பக்கத்துப் பெண்களும் பிள்ளைகளும் ஹோலில் நிறைந்துவிட்டார்கள். படம் ஓடத் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் எல்லாரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்.

“என்னவாம் செல்றான்?”

எல்லாக் கண்களும் கமலாசனியைப் பார்த்தன. கண்டியில் இங்கிலீசு டைப் அடிக்கிறவள். விளங்கவில்லை என்று சொல்ல அவளுக்கு வெட்கமாக இருந்தது. படத்தில் பேசியவர்கள் வாய்க்குள் பாக்குப் போட்டவர்கள் மாதிரிப் பேசினார்கள், பாதிதான் பிடிபட்டது. மிச்சப் பாதியை அவளே போட்டு நிரப்பினாள்.

“இவர் பகலில தபால் கந்தோரில கிளாக். ஒருத்தருக்கும் தெரியாது. ராவில முகத்தை மூடிக்கொண்டு வெளிக்கிடுவார்.”

“பொஞ்சாதி இல்லயா?”

“இல்லை. கலியாணம் கட்டாத தங்கச்சி ஒண்டு இருக்கு. அதுதான் அந்தப் பெட்டை.”

“அதான் பாவம், ராவயிலயும் ஓவர்டைம் செய்றான்” என்றாள் பக்கத்து வீட்டுப் பெண்.

வில்லனோடு பேசும் இடங்களில் சட்டத்தரணியின் கந்தோர் அவளுக்குக் கைகொடுத்தது. நீலச்சட்டைக்காரன் கூரையில் நின்று, “மேற்படி நகரத்தை விட்டு நீர் உடனடியா வெளிக்கிடவேணும். இல்லாட்டி நடவடிக்கை எடுப்பன்!” என்று எச்சரித்தான். வில்லனுக்கு ‘எதிராளி’ என்று பெயர். ஆபத்தில் யாராவது கத்தினால், “பயப்பிடாதேங்கோ, நான் வாறன்!” கசற்றை நாலைந்து முறை திரும்ப எடுத்தார்கள். அந்த வசனம் வரும்போது ஹோல் முழுவதும் சேர்ந்து சொன்னது.

வீட்டுக்குள் அப்படி. வெளியே வேறு. எண்பத்தைந்தில் வடக்கில் சண்டை வலுத்துவிட்டது. கண்டியில் பஸ்ஸை நிறுத்தி, யாழ்ப்பாணத்து அடையாள அட்டைக்காரர்களை இறக்கி விசாரித்தார்கள். தங்குமிடங்களில் சோதனை நடந்தது. கமலாசனி சேலைத் தலைப்பால் தலையை மூடிக்கொண்டு பஸ் ஏறுவாள். சிங்களத்தில் டிக்கட் கேட்பாள். மடவளை ரோட்டில் யாராவது வெளியாள் கதைத்தால் ‘இருக்கிறது’ என்பதற்கு “ஈக்கி”, மற்றபடி “இல்ல” என்று இரண்டு சொல்லோடு முடித்துவிடுவாள். அதற்கு மேல் வாயைத் திறந்தால் சண்டிலிப்பாய் வெளியே வந்துவிடும்.

வெளியூர் ஆட்கள் வீட்டில் தங்கினால் பொலிஸில் பதிய வேண்டும் என்று சட்டத்தரணி சொல்லியிருந்தார். ஹலீம், “பாப்பம், பாப்பம்” என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார். பதிந்தால் கண்ணில் படும் என்பது அவருடைய பயம். பதியாமல் பிடிபட்டால் கமலாசனியோடு அவரும் உள்ளே போக வேண்டும் என்பது அதைவிடப் பெரிய பயம். அவளுடைய பயம் இன்னொன்று. பிடித்து விசாரித்து விட்டாலும், அடுத்த ரயிலில் ஏற்றி ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். அண்ணன் ஏற்கெனவே ஆள் மேல் ஆளாகச் சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தார். ஊருக்குப் போனால் திரும்பி வருவது என்பது இல்லை.

ஒரு பாடசாலை விடுமுறை நாள். பின்னேரம் ஒரு பொலிஸ் ஜீப் ஹலீமின் வீட்டுக்கு எதிரே உள்ள தேத்தண்ணிக் கடையில் நின்றது. ஏதோ பஸ் தகராறை விசாரித்துவிட்டுத் திரும்புகிற வழி. சார்ஜன் ஒருவரும் இரண்டு கொஸ்தாப்புப் பொலிஸ்காரர்களும் இறங்கினார்கள். சார்ஜன் சிங்களவர். கலவரத்துக்கு முந்திய நல்ல காலத்தில் யாழ்ப்பாணத்துச் சாவகச்சேரியில் பல வருஷம் வேலை பார்த்தவர், தமிழை அங்கேயேதான் பழகினார்.

அவர் கோப்பையை வாயில் வைத்தபோது எதிர் மதிலிலிருந்து ஒரு குரல் கேட்டது.

“பயப்பிடாதேங்கோ! நான் வாறன்!”

கழுத்தில் மஞ்சள் துவாய் கட்டிய பெண் பிள்ளை ஒன்று மதிலிலிருந்து குதித்தது. சார்ஜன் திரும்பிப் பார்த்தார். கண்டிப் பக்கத்தில் அந்தத் தமிழை அவர் கேட்டதே இல்லை.

“ஆர் வாறது?” என்று சிரித்துக்கொண்டே கேட்டார்.

நீலச்சட்டைக்காரனின் பாஷையிலேயே பதில் வந்ததும் றலியாவுக்குத் தலைகால் புரியவில்லை. “நான்தான்! நீர் ஆர்? எதிராளியோ?”

“இல்லை, இல்லை. நான் உங்கட பக்கம். இப்பிடிக் கதைக்க ஆர் பிள்ளை உமக்குப் படிப்பிச்சது?”

“நீலச்சட்டக்காரன்.”

“அவர் எங்க இருக்கிறார்?”

“எங்கட ஊட்டுல.”

சார்ஜனின் சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. “என்ன வேலை செய்யிறவர்?”

“பகல்ல தபால் கந்தோர். அது சும்மா. ராவையில மொகத்த மூடிக்கொண்டு வெளிக்கிடுவார். ஒருத்தருக்கும் தெரியாது. நீங்களும் செல்லப்படாது.”

சார்ஜன் கோப்பையைக் கீழே வைத்தார். கொஸ்தாப்புகள் பின்னால் வர, தெருவைக் கடந்து கேற்றைத் திறந்தார்.

றமீஸா குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள். முன்கதவில் மூன்று காக்கிச் சட்டையைக் கண்டதும் கத்தியோடேயே வந்து நின்றாள்.

“கத்தியை வையுங்கோ அம்மா. வீட்டில யாழ்ப்பாணத்து ஆள் ஒருத்தர் இருக்கிறாராம். நீலச்சட்டை போட்டவர். ராவில முகத்தை மூடிக்கொண்டு வெளிக்கிடுறவராம். ஆளை வரச் சொல்லுங்கோ.”

றமீஸாவுக்கு முதலில் ஒன்றும் ஓடவில்லை. ஓடியதும் பயமும் சிரிப்பும் ஒன்றாக வந்து, சிரிப்புத்தான் முந்தியது. கொஸ்தாப்புகள் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

“சேர், அந்த ஆள் டெக்குக்குள்ள ஈக்கி! அது பைத்தியக்காரப் புள்ள சேர். வாங்க, காட்டுறன்.”

கசற்றைப் போட்டாள். நீலச்சட்டைக்காரன் ஒரு பாலத்தைத் தோளில் தாங்கிக்கொண்டு வந்தான். சார்ஜன் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக் கதிரையில் உட்கார்ந்தார். இளைய கொஸ்தாப்பு வாய் பிளந்து பார்த்தான். வந்த காரியம் அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் சார்ஜன் மடையர் அல்ல.

“இவர் இங்கிலீசு எல்லோ கதைக்கிறார். பிள்ளையளுக்குத் தமிழ் ஆர் சொல்லிக் குடுத்தது?”

“நான்தான் சேர்.”

“நீங்கள் மடவளைதானே?”

“ஓம்.” அந்த ‘ஓம்’ அவளுக்கே புதிதாகக் கேட்டது.

“எங்க, இப்ப இவர் என்ன சொல்லுறார்? சொல்லுங்கோ பாப்பம்.”

றமீஸா தலைத்துணியை இழுத்துவிட்டுக்கொண்டாள். திரையில் எரிகிற வீடு, ஜன்னலில் ஒரு கிழவர். எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகள் கேட்ட கதை. கமலாசனியின் குரலைத் தொண்டைக்குள் தேடி எடுத்தாள்.

“ஐயா, பயப்பிடாதேங்கோ. நான் வாறன். நீங்கள் அவடத்திலயே நில்லுங்கோ. இந்த நெருப்பு... இந்த நெருப்பை மூட்டினது ஆரெண்டு எனக்குத் தெரியும். மேற்படி எதிராளி பின்பக்கத்தால ஓடிக்கொண்டு ஈக்கிறான்...”

அதே நேரத்தில் கமலாசனி பஸ்ஸால் இறங்கினாள். வீட்டுக்கு எதிரே ஜீப் நின்றது. தேத்தண்ணிக் கடைக்காரர், ஊர்க்காரர், பாண் ரொட்டிக்குக் காசு வாங்குகிற மாதிரிக் கையை அசைத்து, நிற்காமல் போ, போ என்று காட்டினார். அவளும் போகத்தான் போனாள். அடுத்த சந்தியில் ஹலீமின் உறவுக்காரர் வீடு இருந்தது. அங்கே போய் இருந்துவிட்டு, ஜீப் போனபின் வரலாம்.

மதிலைத் தாண்டும்போது ஜன்னலால் றமீஸாவின் குரல் கேட்டது. தன்னுடைய தமிழில், தன்னுடைய இழுவையில், நடுங்கிக்கொண்டு. “அவர் கெட்டிக்காரர், தபால் கந்தோரில மிச்சம் நல்ல பேர்...” நடுவில் ஆணின் சிரிப்பொலி. கமலாசனி சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு கேற்றைத் திறந்தாள்.

ஹோலில் சார்ஜன் சொல்லிக்கொண்டிருந்தார்: “அம்மா, நல்லாச் சொல்லுறியள். ஆனா யாழ்ப்பாணத்தில ஒருத்தரும் ‘ஈக்கி’ எண்டு சொல்லமாட்டினம்.”

“அவவை விடுங்கோ” என்றாள் கமலாசனி வாசலில் நின்று. “நான்தான் சொல்லிக் குடுத்தது. நான் சண்டிலிப்பாய்.”

றமீஸா டெக்கை நிறுத்தினாள். படம் பாதியில் நடுங்கியபடி நின்றது. சார்ஜன் அவளுடைய அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தார். எங்கே வேலை, யாரிடம், எவ்வளவு காலம் என்று கேட்டார். சட்டத்தரணியின் பெயரைச் சொன்னதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். பொலிஸில் பதிந்திருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்று கமலாசனி தலையாட்டினாள்; றமீஸா வந்து அவளுக்குப் பக்கத்தில் நின்றாள்.

“இவ உங்களுக்கு என்ன முறை?” என்று றமீஸாவைக் காட்டிக் கமலாசனியிடம் கேட்டார்.

வழக்கமாக அவள் றமீஸாவை ‘அக்கா’ என்றுதான் கூப்பிடுவாள். அந்த அவசரத்தில் றமீஸாவை அந்தத் தெருவே கூப்பிடுகிற சொல்தான் வாயில் வந்தது.

“என்ர தாத்தா.”

சார்ஜன் கமலாசனியைப் பார்த்தார். றமீஸாவைப் பார்த்தார். “தாத்தாவோ? இவ பொம்பிளை எல்லோ?”

மூத்த கொஸ்தாப்பு அக்குறணைப் பக்கத்தில் வளர்ந்தவன். இங்கே முஸ்லிம்கள் அக்காவைத்தான் ‘தாத்தா’ என்பார்கள் என்று சிங்களத்தில் விளக்கினான். சாவகச்சேரியில் தாத்தா என்றால் பொல்லூன்றின கிழவன் என்று சார்ஜன் பதிலுக்கு விளக்கினார். முதலில் சிரித்தது சார்ஜன்தான்.

“யாழ்ப்பாணத்துப் பிள்ளை தாத்தா எண்டு சொல்லுற அளவுக்கு வந்திட்டுது” என்று தொப்பியைப் போட்டுக்கொண்டு எழுந்தார். “நாளைக்குக் காலம வீட்டுக்காரர் கூட்டிக்கொண்டு வந்து பதிய வேணும். இந்த நோனா அம்மாவும் வரலாம். வராட்டி நான் இன்னொருக்கா வர வேண்டி வரும். அப்ப படம் பாக்க மாட்டன்.”

ஹலீம் கடையிலிருந்து வந்தபோது தெரு முழுவதும் கதை தெரிந்திருந்தது. அவருடைய அண்ணன், பெரிய நானா, வந்து உட்கார்ந்து, அந்தப் பிள்ளையை ரயிலேற்றிவிடுவதுதான் எல்லாருக்கும் நல்லது என்றார். பதிந்தால் நாளைக்கு எது நடந்தாலும் முதல் இந்த வீட்டுக்குத்தான் வருவார்கள். அவர் சொன்னதில் பிழை ஒன்றும் இல்லை. ஹலீம் நாடியைத் தடவிக்கொண்டு கேட்டார்.

கமலாசனி அறைக்குள் இருந்து எல்லாவற்றையும் கேட்டாள். போ என்று அவர் ஒரு சொல் சொன்னால் போவதாகத்தான் முடிவு செய்திருந்தாள்.

“பதியிறதா இல்லயா?” என்று றமீஸா குசினியிலிருந்து கேட்டாள். “நீங்க போகாட்டி நான் கூட்டிக்கொண்டு போறன். அந்த சார்ஜன் என்னத் தாத்தாண்டு எழுதி வெச்சிட்டுத்தான் போயிருப்பார்.”

“நீ பொலிசுக்குப் போறியா?”

“போனா என்ன? நாந்தானே இண்டைக்கி அவங்களுக்குப் படம் காட்டின?”

ஹலீம் நானாவின் பக்கம் திரும்பாமலேயே சொன்னார்: “சரி. நாளைக்கிப் பெய்த்துப் பதிவோம்.” பிறகு அறைப் பக்கம் குரலை உயர்த்தினார். “தங்கச்சி, ஒரு விஷயம். ஒங்க நீலச்சட்ட இனி எங்கட பாஷ பேசட்டும். ஜீப்பு எப்பவும் நல்ல சார்ஜனோட வராது.”

“சரி நானா” என்றாள் கமலாசனி.

பதிந்தார்கள். சட்டத்தரணியும் ஒரு சொல் சொல்லி வைத்தார். மாதத்துக்கொரு முறை போய்க் கையெழுத்து வைக்க வேண்டியிருந்தது. அவள் அந்த வீட்டிலேயே இருந்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஹோல் வழக்கத்தைவிட நிறைந்திருந்தது. கசற் ஓடத் தொடங்கியது. கமலாசனி தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

“பயப்படாதீங்க. நான் வாரன். இந்தப் பாலத்த நான் புடிச்சிக்கொண்டு ஈக்கிறன்.”

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். “இது அவனில்ல” என்று றலியா எழுந்து நின்றுவிட்டாள். “அவன் இப்பிடிப் பேசமாட்டான். இது மீன்கார நானா பேசுற மாதிரி!”

“இரி புள்ள. இப்பத்தான் எங்களுக்கு வெளங்குது” என்றாள் பக்கத்து வீட்டுப் பெண். “அவடத்தில எண்டா எங்கன்னே எனக்கு இவ்வளவு நாளும் தெரியா.” மற்றப் பெண்களும் ஆமோதித்தார்கள். கமலாசனிக்கு அது கொஞ்சம் சுட்டது. இத்தனை நாளும் அரைவாசி விளங்காமலேயே எல்லாரும் தலையாட்டியிருக்கிறார்கள்.

றலியா முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கதை போய்க்கொண்டிருந்தது. படத்தின் நடுவில் நீலச்சட்டைக்காரனுக்கு ஒரு தாய் வருவாள். எங்கோ தூரத்தில், வயல் நடுவே ஒரு வீட்டில், டெலிபோனைக் காதில் வைத்துக்கொண்டு நிற்பாள். சின்னக் காட்சி. அந்த அம்மா சொல்வது கமலாசனிக்கு ஒரு சொல்லும் பிடிபட்டதில்லை. இதுவரை அதைச் சும்மா தாண்டிப் போயிருக்கிறாள்.

இன்றைக்கு அவள் தாண்டவில்லை. குரலைத் தணித்துச் சொன்னாள்.

“என்ன மோனே, சாப்பிட்டியே? ஏன் குரல் ஒரு மாதிரிக் கிடக்கு? அங்க பிரச்சினையெண்டு கேள்விப்பட்டம். கவனமா இரு.”

றலியா சட்டென்று திரும்பிப் பார்த்தாள்.

“அவன்ட உம்மா ஏன் வேற மாதிரிப் பேசுறா?” என்று பக்கத்து வீட்டுப் பெண் கேட்டாள்.

“அவ ஊரில இருக்கிறா. மகன் வேலைக்கு இஞ்சால வந்திட்டான்.”

“ட்ரான்ஸ்பரா?”

“ஓம். ட்ரான்ஸ்பர்.”

“எப்ப திரும்பிப் போவானாம்?”

“அவன் போகமாட்டான்” என்றாள் றமீஸா. “கதவச் சாத்துங்க யாராவது, சத்தம் ரோட்டுக்குக் கேக்குது.”